லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்த பிறகு வாங்குங்கள்

சூப்பர் கார் தேடும் தம்பி தங்கையருக்கு,

“அண்ணே, கைக்கு அடக்கமான விலையில ஒரு சூப்பர் கார் சொல்லுங்க” என்று உங்களில் யாராவது கேட்காத வாரம் இல்லை. ஒருவர் திருநெல்வேலியிலிருந்து கேட்கிறார். ஒருவர் துபாய் தேராவில் ஐந்து பேர் தங்கும் அறையிலிருந்து கேட்கிறார். ஒரு தங்கை டொராண்டோவுக்குப் படிக்கப் போன இரண்டாம் மாதமே கேட்டாள். ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவர் தனக்கென்று எடுத்துக்கொண்டு சிக்கலில் மாட்டுவதையும் பார்த்துவிட்டேன். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடல். கொஞ்சம் நீளம்தான். பெரிய பணம் போடப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நான் கோவையில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி கியர்பாக்ஸ்களைப் பிரித்துத் தொழில் பழகியவன். பிறகு ஷார்ஜா தொழிற்பேட்டையில், ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஒரு பட்டறையில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். அந்த வண்டிகளைச் சாலையில் பார்த்ததைவிட அடியில் படுத்துக்கொண்டு பார்த்த நேரமே எனக்கு அதிகம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் மஞ்சள் நிற இத்தாலியக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலை. பத்து வயதில் சுவரில் ஒட்டி வைத்திருந்த படத்தில் இருந்த அதே கார். சந்தை விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தது, கொஞ்சம் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன் என்றான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “ஆயில் மட்டும் மாத்திக் கொடுங்கண்ணே, போதும்” என்றான். லிஃப்ட்டில் ஏற்றினோம். இடப்பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் அலுமினியச் சட்டத்தில் கையால் வெல்டிங் செய்த தழும்பு. ஸ்டியரிங்கின் நடுமூடியைக் கழற்றினால் ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலி. எச்சரிக்கை விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மோதி, காப்பீட்டு நிறுவனம் தேறாது என்று கழித்து, ஏலத்தில் போய், கப்பலேறி, வளைகுடாவில் மெருகு போட்டு விற்கப்பட்ட வண்டி அது. அங்கே அதற்கு ‘அமெரிக்கன் ஸ்பெக்’ என்று பெயர். வளைகுடா வெயிலுக்கென்றே அமைத்துக் கம்பெனி நேராக அனுப்பியது ‘ஜி.சி.சி. ஸ்பெக்’. அமெரிக்கன் ஸ்பெக் எல்லாமே அடிபட்டவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலை பாதியாக இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அந்தப் பையனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியவன் நானாகிப் போனேன். ஏழு மாதம் கழித்து, வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கு அதை விற்றான். கார் போன பிறகும் மூன்று ஆண்டு தவணை கட்டினான். பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எங்கள் லிஃப்ட்டில் ஏற்றியிருந்தால் அந்தக் கனவு அவனிடமே இருந்திருக்கும். இந்த மடலை எழுதத் தூண்டியது அவன் முகம்.

மலிவாகக் கிடைக்குமா என்று கேட்கும் முன், எதைக் கேட்கிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? சூப்பர் கார் என்ற சொல் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1920 நவம்பரில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் என்சைன் சிக்ஸ் என்ற காருக்கு வந்த விளம்பரத்திலேயே அது இருக்கிறது. 1960களில் அமெரிக்கர்கள், சாதாரண வண்டிக்குள் பெரிய வி8 எஞ்சினைத் திணித்த கார்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். இன்று நம் மனத்தில் இருக்கும் பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு கார்: லம்போர்கினி மியூரா.

1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் லம்போர்கினி கொண்டுவந்து வைத்தது முழுக் கார்கூட இல்லை. பாடி இல்லாத வெறும் சேஸிஸ். எடை குறைய வேண்டுமென்று வட்ட வட்டமாக ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளுக்கு நடுவில், இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் குறுக்கு வாட்டில் கிடந்தது. அதைச் செய்த பொறியாளர்கள் ஜான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி, சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் ஆகிய மூவரில் ஒருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. முதலாளி ஃபெருச்சியோ லம்போர்கினிக்கு ரேஸில் நாட்டமில்லை. அவருக்கு வேண்டியது சொகுசான, வேகமான பயணக் கார். ரேஸ் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரும் ஆசை இந்த இளைஞர்களுடையது. பெர்டோனே நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காண்டினி அதற்கு உடல் வரைந்தார். அவருக்கு வயது இருபத்தேழு. 1966 மார்ச்சில் ஜெனிவாவில் முழு வண்டி வந்து நின்றபோது, அதற்கு முன் சாலையில் ஓடிய வேகக் கார்களெல்லாம் ஒரே நாளில் போன தலைமுறை ஆகிவிட்டன.

எஞ்சினைக் குறுக்காக வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தின் குட்டி மினி காரிலிருந்து. மியூராவில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்பு. தொடக்க வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே ஆயில். கியர் பல்லில் ஒரு துகள் உடைந்தால் அது எஞ்சினுக்குள்ளும் போய்ச் சுற்றும். வேகம் கூடினால் மூக்கு எழும்பும். பெட்ரோல் டேங்க் முன்னால் இருந்ததால், எரிபொருள் தீரத் தீர இன்னும் எழும்பும். அவ்வளவு குறைகளோடும் அது மற்றவர்களைத் தன் பின்னால் வர வைத்தது. ஃபெராரி தன் பன்னிரண்டு சிலிண்டர் சாலைக் காரில் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விற்பனைக்கு விட 1973 ஆயிற்று.

எஞ்சின் நடுவில் இருப்பதில் அப்படி என்ன? ஒரு சிலம்பக் கம்பை எடுத்து, இரண்டு முனையிலும் அரைக் கிலோ மணல் பை கட்டிச் சுழற்றிப் பாருங்கள். தொடங்கவும் திணறும், நிறுத்தவும் திணறும். அதே இரண்டு பைகளையும் கைபிடிக்கும் நடுவிடத்துக்கு அருகே கட்டுங்கள். எடை அதேதான், கம்பு நினைத்த மாத்திரத்தில் திரும்பும். காரில் கனமானவை எஞ்சின், கியர்பாக்ஸ், டேங்க், ஓட்டுபவர். இவற்றை இரண்டு அச்சுகளுக்கும் இடையில் திரட்டி வைத்தால் வளைவில் வண்டி உங்கள் மணிக்கட்டோடு திரும்பும். அதற்கு விலையும் உண்டு. பின்னால் பார்வை கிடையாது, பெட்டி வைக்க இடம் கிடையாது, முதுகுக்குப் பின்னால் அடுப்பு, சின்ன வேலைக்கும் பாதி வண்டியைக் கழற்ற வேண்டும். எளிதாகத் திரும்புகிற வண்டி, பிடி விட்டால் எளிதாகச் சுழன்றும் போகும். இந்தத் தொல்லைகள் அத்தனையையும் தெரிந்தே ஏற்று, ஓட்டும் அந்த அனுபவத்துக்காக மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்த கார்தான் என் கணக்கில் சூப்பர் கார். 1987இல் வந்த ஃபெராரி எஃப்40 மணிக்கு 324 கிலோமீட்டர் போனது. உள்ளே ரேடியோ இல்லை, கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு. 1990களில் வந்த மெக்லாரன் எஃப்1 காரில் ஓட்டுநர் இருக்கை நட்டநடுவில். அதன் எஞ்சின் அறைக்குள் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். ஆடம்பரத்துக்காக இல்லை, வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் சிறந்தது என்பதால்.

அதனால், குதிரைத்திறன் எண்ணைக் காட்டி “இது சூப்பர் கார்தானே அண்ணே” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். 2005இல் புகாட்டி வேரான் 1,001 குதிரைத்திறனோடு வந்தபோது உலகமே வாய் பிளந்தது. இருபது ஆண்டு கழித்து, சீனத்துச் சியோமி நிறுவனம் 1,548 குதிரைத்திறன் உள்ள எஸ்.யூ.7 அல்ட்ராவை 5,29,900 யுவானுக்கு விற்பனைக்கு வைத்தது. கைப்பேசி செய்கிற கம்பெனி, நான்கு கதவு மின்சாரக் கார். நேர்கோட்டில் அது பல சூப்பர் கார்களைத் துரத்திப் பிடிக்கும். நல்ல வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேகம் இவ்வளவு மலிவான பிறகு, வேகத்தை மட்டும் வைத்து அந்தப் பட்டத்தைக் கொடுக்க முடியாது.

நிஸான் ஜி.டி.ஆர். பற்றியும் கேட்பீர்கள். பட்டறையில் தேநீர் ஆறும்வரை சண்டை போட்ட விஷயம் அது. 2007இல் வந்தது. ஒவ்வொரு எஞ்சினையும் ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை கோத்தார்; பின்னாளில் அவர் பெயர்ப் பட்டையும் எஞ்சின் மேல் ஏறியது. தன்னைவிட இரண்டு மடங்கு விலைக் கார்களைப் பந்தயத் திடலில் தோற்கடித்தது. ஆனால் எஞ்சின் முன்னால், இருக்கை நான்கு, டிக்கி பெரியது, எடை 1,740 கிலோ. சூப்பர் கார்களை வென்ற கார் என்று அதைச் சொல்வேன். சூப்பர் கார் என்று சொல்ல மாட்டேன். என் கூட்டாளிகள் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி நான் நெஞ்சில் வைத்திருக்கும் கார். ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்.

1980களின் சூப்பர் கார் என்றால் வளர்ப்புப் புலி மாதிரி. க்ளட்ச் மிதிக்கத் தொடை வலிக்கும், போக்குவரத்து நெரிசலில் கொதிக்கும், பின்னால் எடுக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். லம்போர்கினி குண்டாச் ஓட்டியவர்கள் அப்படித்தான் பின்னால் எடுத்தார்கள். விலை உயர்ந்த கார் அப்படித்தான் படுத்தும் என்று வாங்குபவர்களே நம்பியிருந்தார்கள். ஷிகெரு உவெஹாரா தலைமையில் ஹோண்டாப் பொறியாளர்கள் கேட்ட கேள்வி எளியது: ஏன் படுத்த வேண்டும்?

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அதைக் காட்டினார்கள், 1990இல் விற்பனை தொடங்கியது. சட்டமும் உடலும் ஒன்றான கட்டமைப்பு, முழுவதும் அலுமினியம். தொடர் உற்பத்தியில் அதுவரை யாரும் செய்யாதது. அலுமினியத்தை வெல்டிங் செய்வது இரும்பு மாதிரி இல்லை. வெப்பம் கொஞ்சம் கூடினால் ஓட்டை விழும், குறைந்தால் ஒட்டாது. அதற்காகவே டோச்சிகியில் தனி ஆலை கட்டி, அனுபவம் மிக்க தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். எஞ்சினில் கனெக்டிங் ராடுகள் டைட்டேனியம். மூன்று லிட்டர் வி6, நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை பாடும். வண்டியின் எடை 1,400 கிலோவுக்குள். எஃப்-16 போர் விமானத்தின் விமானி அறையைப் பார்த்துக் கண்ணாடியை அமைத்ததால், எஞ்சின் பின்னால் இருந்தும் நாலாபக்கமும் பார்வை. சுஸூகா பந்தயத் திடலில் மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்த ஃபார்முலா ஒன் வீரர் அயர்டன் சென்னா, உடல் இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஹோண்டா அதைக் கேட்டுக்கொண்டு உறுதியைக் கூட்டியது. மெக்லாரன் எஃப்1 வரைந்த கார்டன் மர்ரி, சாலையில் ஒரு கார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது இந்த என்.எஸ்.எக்ஸைத்தான். அவரே பல ஆண்டுகள் ஒன்றை வைத்திருந்தார்.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரே ஒரு என்.எஸ்.எக்ஸ்., சிவப்பு நிறம், 1991 மாடல். வைத்திருந்தவர் ஒரு பல் மருத்துவர். தினமும் அதில்தான் மருத்துவமனைக்குப் போவார், மாலையில் காய்கறியும் வாங்கி வருவார். காலையில் சாவியைத் திருப்பினால் சிவிக் மாதிரிக் கிளம்பும். பெரிய மலைப்பாதையில் ஓட்டிக் காட்டினார். எஞ்சின் ஓசை காதுக்குப் பின்னால் ஏற ஏற எனக்குக் கண் கலங்கியது, வெட்கப்படாமல் சொல்கிறேன். தொடக்கத்தில் அமெரிக்காவில் சுமார் 60,000 டாலர் விலை. ‘கைக்கு அடக்கமான சூப்பர் கார்’ என்ற கேள்விக்கு உலகம் பெற்ற மிக நேர்மையான பதில் அது என்பேன். ஆனால் நீங்கள் தாமதமாகப் பிறந்துவிட்டீர்கள். 2005 வரை பதினெட்டாயிரம் அளவில்தான் செய்தார்கள். நல்ல நிலையில் உள்ளவை இன்று அன்றைய விலைக்கும் மேலே போய்விட்டன.

சரி, இப்போது எதை வாங்குவது? அதற்கு முன் ஒரு கணக்கு. பழைய சூப்பர் காரின் விலை இறங்கும், அதன் உதிரிபாகத்தின் விலை இறங்காது. புதிதில் இரண்டு லட்சம் டாலருக்கு விற்ற கார் இன்று நாற்பதாயிரத்துக்குக் கிடைத்தாலும், பிரேக் டிஸ்க் இரண்டு லட்சம் டாலர் காரின் டிஸ்க்தான். ஃபெராரி எஃப்355இல் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். அடுத்து வந்த 360இல் இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து மாற்றலாம். 2004இல் வந்த எஃப்430இல் பெல்ட்டே இல்லை, செயின். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் சிவப்பு நிற ஃபெராரி. ஐந்து ஆண்டு வைத்திருந்தால் பட்டறைப் பில்லில் அந்த வேறுபாடு ஒரு சின்னக் காரின் விலை.

ஆகவே வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஐந்து ஆண்டு வைத்திருக்க என்ன ஆகும் என்று பாருங்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பழுதுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் அந்தக் கார் உங்களுக்கு இல்லை. கடன் வாங்கிப் பழைய சூப்பர் கார் வாங்கவே வேண்டாம். இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் பத்து விநாடியில் செயினின் கடகடப்பு, நீலப் புகை, எல்லாம் வெளிவரும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று மயங்காதீர்கள், ஆறேழு ஆண்டுப் பழைய ரப்பர் கல்லாகியிருக்கும். பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி கையளவுதான், உடலின் ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் இரண்டு மடங்கு காட்டினால் டிங்கரிங் நடந்திருக்கிறது. தானியங்கிக் க்ளட்ச் உள்ள வண்டியானால் க்ளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணினியை மாட்டிப் படிக்கலாம். போர்ஷே கார்களில் எஞ்சினை எத்தனை முறை எல்லை மீறிச் சுழற்றினார்கள் என்பதுகூடப் பதிவாகியிருக்கும். ஓடோமீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்பது நல்ல சேதி மட்டுமல்ல. ஷார்ஜா வெயிலில் பத்து ஆண்டு நின்றே கிடந்த வண்டியின் ஹோஸ் பைப்புகள் தொட்டால் பிஸ்கட் மாதிரி உடையும். ஓடிய வண்டி, ஒழுங்கான சர்வீஸ் பில்களோடு இருந்தால், நின்ற வண்டியைவிட எவ்வளவோ மேல்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களுக்கு என் பதில் இன்று ஒன்றே: செவர்லே கார்வெட், எட்டாம் தலைமுறை. அதன் பொறியாளர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ் 1960 வாக்கிலிருந்தே எஞ்சினை நடுவுக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கம்பெனியோடு மல்லுக்கட்டினார். 1996இல் இறந்துபோனார். 2019 ஜூலையில் அந்தக் கார் வந்தது. 6.2 லிட்டர் வி8, ஏறத்தாழ 490 குதிரைத்திறன், தொடக்க விலை 59,995 டாலர். முப்பது ஆண்டுக்கு முன் என்.எஸ்.எக்ஸ். விற்ற அதே விலை! அதன் பிறகு விலை ஏறியிருக்கிறது, ஆனாலும் இதற்கு நிகராக வேறொன்று இல்லை. உதிரிபாகம் ஊர்ப்புறத்து டீலரிடமும் கிடைக்கும். உள்ளலங்காரம் இத்தாலிய வண்டி மாதிரி இல்லை என்று குறை சொல்பவர்கள் சொல்லட்டும்.

லண்டனில் இருப்பவர்களே, உங்கள் சாலை குறுகல், மழை அதிகம். நீங்கள் லோட்டஸ் எலீஸைப் பாருங்கள். 1996இல் வந்தபோது எடை 725 கிலோ அளவுதான். அலுமினியப் பட்டைகளைப் பசை போட்டு ஒட்டிய சேஸிஸ். குதிரைத்திறன் நூற்றிருபதைத் தொடாது. சூப்பர் கார் இல்லை என்பார்கள். மியூரா எதற்காக உண்டானதோ அதை இந்தக் குட்டி வண்டி இன்றைய கனத்த சூப்பர் கார்கள் பலவற்றைவிட நன்றாகச் செய்யும். போர்ஷே பாக்ஸ்டரும் அப்படியே. முதல் தலைமுறையானால் எஞ்சினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் மாற்றியாயிற்றா என்று பில்லைக் கேளுங்கள். அது உடைந்தால் எஞ்சினே போகும். கையில் இன்னும் பணம் இருந்தால் ஆடி ஆர்8, 2007இல் வந்த வி8 வண்டி. லம்போர்கினி கல்லார்டோவின் உறவுக்காரன், பழகினால் வீட்டுப்பிள்ளை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பிடிக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மலிவான சூப்பர் கார் என்ற ஒன்று இல்லை. 40,000 டாலருக்கு மேற்பட்ட காரை முழுதாக இறக்குமதி செய்தால் சுங்கம் பல ஆண்டுகளாகவே 100 விழுக்காட்டைத் தாண்டித்தான் இருந்துவந்தது. அதன் மேல் ஜி.எஸ்.டி., அதன் மேல் சாலை வரி. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 20 விழுக்காடு. நிஸான் ஜி.டி.ஆர். 2016இல் இங்கே விற்பனைக்கு வந்தபோது 1 கோடியே 99 லட்சம். அதே வண்டி அமெரிக்காவில் அன்று நம் பணத்தில் எழுபத்தைந்து லட்சத்துக்குள். வளைகுடாவில் மலிவாக வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். இறக்குமதி விதிப்படி ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், பழைய வண்டியானால் தயாராகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. துபாயில் ஓடுவதெல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்.

ஆனால் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் பாடும் அனுபவம் நம் மண்ணிலேயே இருக்கிறது. கோவைக்காரர் எஸ். கரிவர்தன் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில், அந்த வகைக் காரில்தான்; 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் திடலுக்குக் கரி என்று அவர் பெயர்தான். இன்று அங்கே ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்களில் இருப்பது மாருதி ஸ்விஃப்ட் எஞ்சின். கரியிலும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. சூப்பர் காரின் ஒரு செட் டயர் விலைக்கும் கீழே, தலைக்கவசம் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து வளைவெடுக்கலாம். என் அக்கா மகனை ஒரு முறை அனுப்பினேன். திரும்பி வந்தவன் ஒரு வாரம் வேறெதுவும் பேசவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் வேகம் பார்ப்பவர்களே, அந்தச் சாலை மீன் கூடையோடு கடக்கும் அம்மாக்களுக்கும் உரியது. உங்கள் வேகத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் இடம் இருக்கிறது, அங்கே போங்கள்.

வெளிநாட்டில் இருந்து, காசும் சேர்த்து, வாங்குவதென்றே முடிவெடுத்தவர்கள் விற்பவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “நான் சொல்லும் பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுவீர்களா?” தயங்கினால் கைகுலுக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். அந்தக் கார் எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் பட்டறை அண்ணன்